சொன்னவருக்குப் பதில் போக வேண்டும்

(வேலூரில் பொது சுகாதார மாணவர்களிடையே ஆற்றிய உரை)

உலக நோய்க் கண்காணிப்பில் எதற்கு முதலிடம் தருவது என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. பெரிய தலைப்பு. நான் ஒரு சின்ன ஊரிலிருந்து தொடங்குகிறேன்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கினி என்றொரு நாடு. லைபீரியாவும் சியரா லியோனும் அதோடு வந்து முட்டுகிற காட்டுப் பகுதியில் மெலியாண்டு என்ற சிற்றூர். 2013 டிசம்பரில் அங்கே ஒரு குழந்தை காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்து இறந்தது. பிறகு அந்த வீட்டிலேயே அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. 2014 ஜனவரி 24-ஆம் தேதி, அந்த ஊர்ச் சுகாதார நிலையத்தின் பொறுப்பாளர் மாவட்டத்துக்குத் தகவல் அனுப்பினார். ஐந்து பேருக்குக் கடும் வயிற்றுப்போக்கு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போகிறது என்பதுதான் தகவல். மறுநாளே ஒரு குழு ஊருக்குப் போனது. சில நாட்களில் இன்னொரு பெரிய குழுவும் போனது. மாதிரிகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள், பாக்டீரியா தெரிந்தது. காலராவாக இருக்கும் என்று நினைத்துத் திரும்பினார்கள்.

அது எபோலா என்று பிரான்சிலிருந்த ஆய்வகம் கண்டறிந்தது மார்ச் மூன்றாவது வாரத்தில். அதற்குள் நோய் தலைநகர் வரைக்கும் போய்விட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை அறிவித்தபோது ஆகஸ்ட் 8 ஆகிவிட்டது. அந்தப் பரவல் ஓய்ந்த நேரத்தில் 28,600 பேருக்கு மேல் நோய் கண்டு, 11,300 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள்.

அந்த ஜனவரி 24-ஆம் தேதியை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைச் சொல்கிற பலரும் "யாருமே கவனிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது அந்த மனிதருக்கு இழைக்கும் அநீதி. அவர் கவனித்தார். சொல்லவும் செய்தார். அவருக்குச் சரியான பதில்தான் வரவில்லை. நோயை முதலில் பார்க்கிறவரிடம் ஒரு கேள்வி இருக்கிறது: "இது என்ன?" அந்தக் கேள்விக்கு எத்தனை நாளில் விடை போகிறது என்பதை வைத்துத்தான் ஒரு கண்காணிப்பு முறையை நான் மதிப்பிடுவேன். பணம் எங்கே முதலில் போக வேண்டும் என்பதையும் அதை வைத்தே தீர்மானிக்கலாம் என்பது என் கருத்து. இன்று நான் பேசப்போவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

பணம் வேறு பக்கம் போவதற்கும் கவர்ச்சியான காரணங்கள் உண்டு. அமெரிக்க உதவியோடு 2009-இல் தொடங்கிய பிரெடிக்ட் என்ற திட்டம் பத்தாண்டுகள் நடந்தது. பல நாடுகளில் வௌவால், எலி, குரங்கு இவற்றிலிருந்து மாதிரி எடுத்துப் புதுப்புது வைரஸ்களைத் தேடியது. அதன் தொடர்ச்சியாக, உலகத்தின் விலங்கு வைரஸ்களில் பெரும்பகுதியைப் பட்டியல் போட்டுவிடலாம் என்று 2018-இல் ஒரு யோசனை வந்தது. செலவு சுமார் 120 கோடி டாலர் என்று கணக்கு சொன்னார்கள். அடுத்த கொள்ளைநோய் எதிலிருந்து வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்பது நம்பிக்கை. அதே ஆண்டு எட்வர்ட் ஹோம்ஸ், ஆண்ட்ரூ ராம்பாட், கிறிஸ்டியன் ஆண்டர்சன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் மறுத்து எழுதினார்கள். மூவரும் வைரஸ்களின் பரிணாமத்தையே படித்து வாழ்கிறவர்கள். ஆயிரக்கணக்கான வைரஸ்களில் மனிதரிடம் எது தொற்றும், தொற்றியபின் எது பரவும் என்பதை மரபணுவை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மனிதர்களிடையே நோய் தோன்றும் இடத்தில் கண்காணிப்பைப் பலப்படுத்துங்கள் என்பது அவர்களின் வாதம். நான் அவர்கள் பக்கம். வௌவால்களை ஆராய்வது வீண் என்று சொல்லவில்லை. கேரளத்தில் நிபா வைரஸ் எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள அந்த அறிவு தேவைப்பட்டது. ஆனால் 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபாவைப் பிடித்தது வௌவால் பட்டியல் அல்ல. ஒரே குடும்பத்தில் மூளைக்காய்ச்சலோடு இரண்டாவது ஆள் வந்தபோது, இது வழக்கமானதில்லை என்று சந்தேகப்பட்ட மருத்துவர்கள் பிடித்தார்கள். மாதிரியைச் சோதிக்கப் பக்கத்திலேயே மணிப்பாலில் ஆய்வகமும் இருந்தது.

இன்னொரு கவர்ச்சி கணினி. கூகுள் நிறுவனம் 2008-இல், மக்கள் இணையத்தில் தேடுகிற சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் எங்கே பரவுகிறது என்று சொல்லும் சேவையைத் தொடங்கியது. 2009-இல் புதிய எச்1என்1 ஃப்ளூ வந்தபோது அதன் முதல் அலையைக் குறைத்துக் காட்டியது. 2012-13 குளிர்காலத்தில் உள்ளதைவிட மிக அதிகமாகக் காட்டியது. 2015-இல் சேவை நின்றது. இன்று செயற்கை நுண்ணறிவை நம்பிப் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கணினிக்குள் போகும் தகவலை ஓர் ஊரில் ஒரு மனிதர் பார்த்துத்தான் எழுதுகிறார். அவர் எழுதுவது நின்றுபோனால் உள்ளே எதுவும் போகாது.

லாகோஸ் நகரத்தைப் பாருங்கள். அதே 2014-இல், ஜூலை 20 அன்று, லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். அவரைப் பார்த்தவர்களில் மருத்துவர் அமேயோ ஸ்டெல்லா அடடேவோ ஒருவர். எபோலாவை அவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இருந்தும் சந்தேகப்பட்டார். நோயாளியை விட்டுவிடச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு அவர் மசியவில்லை. உடனே அரசுக்குத் தெரிவித்தார். அந்த நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆய்வகம் சோதித்துச் சொன்னது. போலியோ ஒழிப்புக்காக நைஜீரியா ஏற்கெனவே கட்டி வைத்திருந்த அவசர மையமும், வீடு வீடாகப் போய்ப் பழகிய ஆட்களும் அப்படியே எபோலாவுக்குத் திரும்பினார்கள். நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 894 பேரைக் கண்டுபிடித்து, ஏறத்தாழ 18,500 தடவை நேரில் போய்ப் பார்த்தார்கள். கோடிக்கணக்கானோர் வாழும் நகரம் அது. நாடு முழுவதும் மொத்தம் 20 பேருக்கு நோய், 8 சாவு. அதோடு நின்றது. அந்த எட்டுப் பேரில் அடடேவோவும் ஒருவர்.

மெலியாண்டுவிலும் லாகோஸிலும் முதலில் பார்த்தவரின் கூர்மை ஒன்றுதான். லாகோஸில் பதில் சொல்ல ஊரிலேயே ஆய்வகம் இருந்தது. கினியின் மாதிரிகள் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

ஆய்வகம் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம்மிடமே ஒரு சான்று உண்டு. 1986 பிப்ரவரி. சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா. இந்தியாவில் எய்ட்ஸ் வைரஸ் இல்லை என்றுதான் அன்று பலரும் நம்பியிருந்தார்கள். தேடிப் பார்த்தால்தானே தெரியும் என்று இருவரும் புறப்பட்டார்கள். பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகளை நிர்மலா சேகரித்தார். வைத்திருக்க வசதியில்லாமல் தன் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். பிறகு ஐஸ் வைத்து, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுவந்தார். சோதனை நடந்தது இந்த வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், வைரஸ் ஆய்வாளர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில். ஆறு மாதிரிகளில் வைரஸ் தெரிந்தது. ஓர் இரவுப் பயணத் தொலைவில் அந்த ஆய்வகம் இல்லாதிருந்தால் அந்த ஆறு மாதிரிகளும் எத்தனை ஆண்டு காத்திருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் வட ஆற்காடு மாவட்டத்தில் செய்த இன்னொரு வேலை இந்த அறையில் இருக்கும் பலருக்கே தெரியாது என்பது எனக்கு வருத்தம். அரசு மருத்துவர், தனியார் மருத்துவர் என்று பார்க்காமல், மாவட்டத்தில் வைத்தியம் பார்க்கிற எல்லோரையும் சேர்த்து ஒரு கண்காணிப்பு முறையை அமைத்தார்கள். பெயர் நதி. அச்சடித்த அஞ்சலட்டைதான் கருவி. குறிப்பிட்ட நோய்களில் ஒன்றைச் சந்தேகித்தால் அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். அனுப்பியவர்களுக்கு மாதாமாதம் ஓர் இதழ் திரும்பி வந்தது. மாவட்டத்தில் எந்தப் பக்கம் என்ன நோய், நீங்கள் சொன்னதை வைத்து என்ன செய்தோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு கேரளத்தின் கோட்டயம் மாவட்டமும் இந்த முறையை எடுத்துக்கொண்டது. 1998-இல் லான்செட் இதழில் வளரும் நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாக இது வெளியானது.

தனியார் மருத்துவர்கள் அறிக்கை தரமாட்டார்கள் என்பது நம் துறையில் எல்லோரும் சொல்கிற குறை. அஞ்சலட்டைக்கு அவர்கள் தந்தார்கள். ஏன் தந்தார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த மாத இதழ்தான் காரணம் என்று நம்புகிறேன். தான் போட்ட அட்டை எங்கோ போய்ச் சேர்ந்தது, யாரோ படித்தார்கள், ஏதோ நடந்தது என்று அவர்களுக்குத் தெரிந்தது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். பணியில் சேர்ந்த புதிதில், என் வட்டாரத்தில் ஒரு கிராம சுகாதார செவிலியர் ஒரு தெருவில் நாலைந்து பேருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னார். போனோம், குடிநீர் மாதிரி எடுத்தோம், அனுப்பினோம். முடிவு வந்தது. குழாய் உடைப்பையும் சரிசெய்தார்கள். ஆனால் அந்தச் செவிலியரிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு பக்கத்து ஊரில் அதே மாதிரி காமாலை வந்தபோது எங்களுக்குத் தெரிய மூன்று வாரம் ஆயிற்று. அவரிடம் போய்க் கேட்டேன். "போன தடவை எடுத்த தண்ணி என்ன ஆச்சுன்னு இன்னும் எனக்குத் தெரியாது டாக்டர். அந்தத் தெருக்காரங்க கேட்டப்ப எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் அவர் முகம் கொடுக்க முடியாமல் நின்றதற்கு நான்தான் பொறுப்பு. அதற்குப் பிறகு நான் படித்த எந்த உலக அறிக்கையையும் அவர் சொன்ன அந்த வாக்கியம் நினைவுக்கு வராமல் படிக்க முடிந்ததில்லை.

நாடுகளுக்கும் இதே கதைதான். 1969-இன் சர்வதேசச் சுகாதார விதிகள் கடைசியில் காலரா, பிளேக், மஞ்சள் காய்ச்சல் என்று மூன்றே நோய்களுக்குச் சுருங்கின. அவற்றைக்கூட நாடுகள் மறைத்தன. சொன்னால் வியாபாரம் படுத்துவிடும், விமானம் நின்றுவிடும் என்ற பயம். 1994-இல் சூரத்தில் பிளேக் என்ற செய்தி பரவியதும் இந்தியாவுக்கு அப்படித்தான் நேர்ந்தது என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2003-இல் சார்ஸ் வந்து உலகத்தை உலுக்கிய பிறகு, 2005-இல் விதிகள் மாறின. எந்த நோய் என்று தெரியாவிட்டாலும், உலகத்துக்கு ஆபத்தாகலாம் என்று மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று ஆயிற்று. 2007 ஜூனில் அது நடைமுறைக்கு வந்தது.

தென்னாப்பிரிக்கா அந்த விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தது. 2021 நவம்பர் 24 அன்று, புதிய வகைக் கொரோனா ஒன்று தெரிகிறது என்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவித்தது. 26-ஆம் தேதி அதற்கு ஒமிக்ரான் என்று பெயர் வைத்தார்கள். அந்த இரண்டு நாட்களுக்குள்ளேயே பிரிட்டன் தொடங்கி நாடு நாடாகத் தெற்கு ஆப்பிரிக்காவுக்கு விமானங்களை நிறுத்தின. நெதர்லாந்தில் நவம்பர் 19-ஆம் தேதியே எடுத்த மாதிரியில் அதே வகை இருந்தது பிறகு தெரியவந்தது. அதாவது சொன்ன நாடு தண்டிக்கப்பட்டது, சொல்லாத இடங்களில் வைரஸ் ஏற்கெனவே இருந்தது. விமானங்கள் நின்றதால் மரபணுச் சோதனைக்கு வேண்டிய ரசாயனப் பொருள்கள் வருவதே தடைப்படும் என்று அந்த ஆய்வாளர்கள் முறையிட வேண்டியிருந்தது.

இந்தோனேசியாவின் கதையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளை அந்நாடு வழங்கிவந்தது. அவற்றிலிருந்து தடுப்பூசி செய்கிற நிறுவனங்களிடம் அந்தத் தடுப்பூசியை வாங்கும் வசதி அந்நாட்டுக்கு இல்லை. 2007-இல் மாதிரி தருவதை நிறுத்திக்கொண்டது. ஆபத்தான முடிவு என்று அன்று உலகமே கண்டித்தது. எனக்கும் அது சரியான முடிவாகப் படவில்லை. ஆனால் அந்தக் கோபம் நியாயமானது. 2011-இல் ஃப்ளூ வைரஸ்களுக்கு மட்டும் ஓர் உடன்பாடு வந்தது. மற்ற கிருமிகளுக்கு, மாதிரி தந்தவருக்கு என்ன திரும்பிவரும் என்ற கேள்வியை 2025 மே மாதம் நிறைவேறிய பெருந்தொற்று உடன்படிக்கையும் தனி இணைப்பாக ஒதுக்கி, மேற்கொண்டு பேசித் தீர்க்க வைத்தது. என்னைக் கேட்டால் அந்த உடன்படிக்கையின் உயிரே அந்த இணைப்புதான். சொன்னவருக்கு நஷ்டம் வராது, வந்தால் ஈடுசெய்வோம் என்று ஒரு நிதி, ஓர் உறுதி, எழுத்தில் வேண்டும்.

பெரியம்மையை ஒழித்தவர்கள் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 1975 அக்டோபரில் வங்கதேசத்தின் போலா தீவில் ரஹிமா பானு என்ற சிறு குழந்தைக்கு அம்மை கண்டது. பெரியம்மையின் கொடிய வகையால் இயற்கையாகத் தாக்கப்பட்ட கடைசி ஆள் அவள்தான். தகவல் தந்தது எட்டு வயதுச் சிறுமி. அவளுக்கு 250 டாக்கா பரிசு கொடுத்தார்கள். உலகத்தின் மிகப் பழைய கொள்ளைநோய்களில் ஒன்றின் கொடிய வகையைப் பற்றிய கடைசி அறிக்கை ஒரு குழந்தையிடமிருந்து வந்தது, அந்தக் குழந்தைக்குச் சொன்னதற்கு உரிய கூலியும் கிடைத்தது.

போலியோவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. குழந்தையின் கை கால் திடீரெனத் துவண்டு போனால் அது போலியோவோ வேறெதுவோ, அறிக்கை தர வேண்டும். சுகாதாரத் துறையில் இதை ஏ.எஃப்.பி. என்போம். பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒரு லட்சம் பேர் இருக்கும் இடத்தில், போலியோ இல்லாத ஏ.எஃப்.பி. ஆண்டுக்கு ஒன்றாவது பதிவாக வேண்டும். பதிவாகவில்லை என்றால் அங்கே நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எவ்வளவு அழகான அளவுகோல் பாருங்கள்! அமைதியாக இருக்கிற மாவட்டத்தைப் பாராட்டாமல் சந்தேகப்படுகிறது. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் ஏற்பட்டது. அதற்குப் பிறகும் துவண்ட கால்களை ஆயிரக்கணக்கில் தேடித் தேடிச் சோதித்ததால்தான் 2014 மார்ச்சில் போலியோ இல்லை என்று உலகம் நம்பியது. மற்ற நோய்களுக்கும் இப்படியோர் அளவுகோல் செய்ய வேண்டியது உங்கள் தலைமுறையின் வேலை.

சாவுக் கணக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 2020-இல் பதிவான சாவுகளில் மருத்துவச் சான்றோடு காரணம் எழுதப்பட்டது ஏறத்தாழ 22 விழுக்காட்டுக்குத்தான். மற்றவர்கள் எதனால் இறந்தார்கள் என்பதற்கு ஏட்டில் இடமில்லை. 2005-இல் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 46,000 பேர் என்று வீடு வீடாகக் கேட்டறிந்த ஆய்வு சொன்னபோதுதான், மருத்துவமனை வழியாக வந்த அரசுக் கணக்கு எவ்வளவு சிறியது என்று தெரிந்தது. தமிழ்நாடு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக, 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் அறிவித்தது. நல்ல முடிவு. வயலில் இறந்தவர்களைக் கூட எண்ணத் தெரியாத நாடு, புதிய கொள்ளைநோய் சாவுகளை எண்ணிவிடும் என்று நான் நம்பமாட்டேன்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே? 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. தட்டம்மையைக் கண்டறிய உலகெங்கும் எழுநூறுக்கு மேற்பட்ட ஆய்வகங்களைக் கொண்ட வலையமைப்பு ஒன்று இருக்கிறது. அது அந்த ஒரே நாட்டின் பணத்தை நம்பி நடந்தது. ஒற்றைத் தூணில் ஒரு கூரையை நிறுத்திவைத்திருந்தோம். இனி குறைவான பணத்தில் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆகவே என் வரிசையை வெளிப்படையாகவே சொல்கிறேன். கிராமத்துச் செவிலியரும் மாவட்ட ஆய்வகமும் முதலில். சாவுப் பதிவு அடுத்து. சொன்ன நாட்டுக்கு நஷ்டஈடு அதற்கடுத்து. கழிவுநீர்ச் சோதனையும் மரபணுப் பகுப்பாய்வும் இந்த அடித்தளம் நிற்கும் இடங்களில் மிக நல்லவை, அங்கே செய்யுங்கள். காட்டு வைரஸ் பட்டியலும் முன்கணிப்புக் கணினியும் கடைசியில். முதல் வரியிலிருந்து ஒரு ரூபாயைக்கூட எடுத்துக் கடைசி வரிக்குக் கொடுக்கக் கூடாது.

உங்களில் சிலர் இன்னும் சில மாதங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போகப்போகிறீர்கள். அங்கே ஒரு செவிலியரோ, ஒரு சுகாதார ஆய்வாளரோ, தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு மருத்துவரோ உங்களிடம் ஏதாவது ஒன்றைச் சொல்வார். மாதிரியை அனுப்புங்கள், படிவத்தை நிரப்புங்கள், கணினியில் ஏற்றுங்கள். முடிவு வந்த அன்றே அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் சொன்னது இதுதான், இதனால் இன்னது செய்தோம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இதை மட்டும் தவறவிடாதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.